மன்னார்த் துறையும் கணினி விதிகளும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பகுதியில், மாதோட்டம் என்னும் பழந்துறை இருந்தது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த இடமும் அதுவே. 1980களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அகழ்வுகளில் சீனத்து மட்கலங்களின் துண்டுகளும் மேற்காசியக் கலங்களின் துண்டுகளும் கிடைத்தன. கிழக்கிலும் மேற்கிலும் நெடுந்தொலைவிலுள்ள நாடுகளின் பொருள்கள் இத்துறையில் வந்து கூடியதற்குக் கடலின் இயல்பும் ஒரு காரணமாகும். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. சிறு தோணிகள் அதனூடே செல்லலாம். பெருங்கலங்கள் செல்லுதல் அரிது. ஆகவே பெருங்கலத்தின் பொருள் கரையில் இறங்கியது, சிறுகலத்தில் ஏறியது, அப்பால் சென்றது.

இரண்டு வேறுபட்ட முறைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மாற்றுத்துறை தோன்றியே தீரும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. மாற்றுத்துறை ஒன்று தோன்றினால் அதற்கு விதிகள் வேண்டும். அவ்விதிகளைக் காப்பவரும் வேண்டும். மன்னார்க் கரையில் இருபதாம் நூற்றாண்டில் புகைவண்டி இவ்வுண்மையை மீண்டும் மெய்ப்பித்தது. அதே நூற்றாண்டின் பிற்பாதியில், கடலோடும் மண்ணோடும் தொடர்பே இல்லாத கணினித் துறையிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்றன் சிக்கல் மற்றொன்றை விளக்கும்.

முதலில் புகைவண்டியின் கதையை நோக்குவோம். இலங்கையின் முதற் புகைவண்டி 1864 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. அதற்கென இடப்பட்ட தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். இன்றைய அளவில் 1676 மில்லிமீற்றர். தென்னிந்தியாவில் இராமேசுவரத்தை நோக்கி வந்த பாதையோ மீற்றர்ப் பாதை. அதன் இடைவெளி 1000 மில்லிமீற்றர். ஒவ்வோர் அளவும் அதனதன் நாட்டின் தேவையையும் செலவையும் கருதித் தெரிந்தெடுக்கப்பட்டது. இவ்விரு பாதைகளும் ஒருநாள் ஒரே கடலின் இருகரைகளிலும் எதிரெதிரே வந்து நிற்கும் என்பதை அன்று எவரும் கணக்கிற் கொள்ளவில்லை.

அந்நாள் 1914 இல் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 24 ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இந்தியப் பாதை தனுஷ்கோடி வரை நீண்டது. இலங்கையில், வடபகுதிப் பாதையிலிருந்து மதவாச்சியிற் பிரிந்து மன்னாரைக் கடந்து வந்த பாதை, தீவின் வடமேற்கு முனையாகிய தலைமன்னாரை அடைந்தது. இடையே ஏறத்தாழ 22 மைல் கடல். மணற்றிட்டுகளின் மேலேயே இருப்புப்பாதை அமைத்து இருகரைகளையும் இணைக்கலாம் என்னும் திட்டமும் ஆராயப்பட்டது, அது நிறைவேறவில்லை. நீராவிக் கப்பல்களே இணைப்பாயின. பயணி ஒருவர் சென்னையிற் பெற்ற பயணச்சீட்டைக் கொண்டே கொழும்பை அடையலாம். சீட்டு ஒன்று, ஆயின் வண்டிகள் இரண்டு, கப்பல் ஒன்று, இறங்குதுறைகள் இரண்டு.

இந்த ஒற்றைச் சீட்டுக்குப் பின்னால் எத்துணை உழைப்பு மறைந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். இந்தியப் பெட்டி இலங்கைத் தண்டவாளத்தில் ஓடாது. எனவே ஒவ்வொரு மூட்டையும் ஒரு கரையில் இறக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டு மறுகரையில் மீண்டும் இறக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்பட்டது. சுங்க அதிகாரிகள் பொருள்களைச் சோதித்தனர். தோட்டத் தொழிலாளராக வந்தோரை மண்டபம் முகாமில் இலங்கை அரசின் அலுவலர் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்தனர். அம்முகாமின் வாழ்வு இனியதன்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாடு நோக்கிக் கால்நடையாகச் சென்று, பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்ட தொழிலாளரின் கதையை அறிந்தோர், ஒழுங்கான மாற்றுத்துறை ஒன்று இருத்தலும் இல்லாமையும் உயிரைத் தொடும் செய்தி என்பதை உணர்வர்.

இனிக் கணினியின் கதைக்கு வருவோம். கணினிக்கு மனிதர் எழுதும் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்படும் மூலநிரல், தொகுப்பி என்னும் மற்றொரு நிரலால் பொறிமொழிக்கு மாற்றப்பட்ட பின்னரே இயங்கும். பெரியதொரு நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளாகப் பிரிந்திருக்கும். அவற்றுள் ஒன்றைத் திருத்தினால், எவற்றை மீண்டும் மாற்றவேண்டும், எவற்றை அப்படியே விடலாம் என்பதை யாரேனும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மனித நினைவு இங்கே அடிக்கடி தவறியது.

1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இத்தவறு ஒரு கருவியைப் பிறப்பித்தது. ஸ்டீவ் ஜோன்சன் என்னும் அறிஞர் ஒரு காலைப்பொழுது முழுவதும் தம் நிரலிற் பிழை தேடினார். பிழை மூலத்தில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மீண்டும் பொறிமொழிக்கு மாற்றாமையால் பழைய வடிவமே இயங்கிக்கொண்டிருந்தது. அவர் தம் சினத்தைத் தோழர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் வெளியிட்டார். ஃபெல்ட்மனும் அதே இடர்ப்பாட்டை முந்திய மாலையில் அனுபவித்திருந்தார். அவ்வார இறுதியிலேயே அவர் ஒரு கருவியை ஆக்கினார். அதற்கு ‘மேக்’ என்று பெயர். அதற்கான விதிகள் எழுதப்படும் கோப்பு ‘மேக்ஃபைல்’ எனப்பட்டது. பிற்காலத்தில், 2003 ஆம் ஆண்டுக்குரிய கணினிச் சங்க விருது இக்கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு வழங்கப்பட்டது.

மேக் செய்யும் பணியை அடுக்களை கொண்டே விளக்கலாம். மீன்குழம்புக்கு மீனும் புளிக்கரைசலும் தேங்காய்ப்பாலும் வேண்டும். சோற்றுக்கு அரிசியும் நீரும் வேண்டும். பந்திக்குச் சோறும் குழம்பும் வேண்டும். இதை இவ்வாறே எழுதிவைத்துவிட்டால், புளிக்கரைசல் மாற்றப்பட்டபோது குழம்பை மட்டும் மீண்டும் ஆக்கினாற் போதும், சோற்றைத் தொடவேண்டியதில்லை என்பது விதியிலிருந்தே விளங்கும். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிடுகின்றது. ஆக்கப்பட்ட பொருளைக் காட்டிலும் அதன் மூலம் புதியதாயின் அப்பொருளை மீண்டும் ஆக்குகின்றது. பழையதாயின் வாளா இருக்கின்றது. இவ்வளவே அதன் அறிவு. இவ்வளவே அதன் வலிமை.

ஆனால் தொடக்கத்திற் செய்த ஒரு சிறு தெரிவு பின்னர் நிலைத்துவிட்டது. மேக்ஃபைலில் கட்டளை வரி ஒவ்வொன்றும் ‘தாப்’ என்னும் தாவற்குறியுடன் தொடங்கவேண்டும் என்று ஃபெல்ட்மன் வைத்திருந்தார். வெற்றிடக் குறிகளை இட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கருவியோ ஏற்க மறுக்கும். இதன் குறையை அவர் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தருதல் வேண்டா என எண்ணி அதனை மாற்றாது விட்டார். பன்னிருவர் பொருட்டு விடப்பட்ட அவ்விதி, பின்வந்த எண்ணற்றோரை இன்றளவும் வருத்துகின்றது. தண்டவாள இடைவெளியின் வரலாறும் இதுவே. பாதை சில மைல்களாக இருந்தபோது மாற்றுதல் எளிது. நாடு முழுவதும் பரவிய பின்னரோ அதுவே நாட்டின் விதியாகிவிடுகின்றது.

அடுத்து இடைவெளிச் சிக்கலே கணினியுலகில் எழுந்தது. பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் பல நிறுவனங்களின் கைகளிற் பல கிளைகளாகப் பிரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கிளை ஒருவிதம். தொலைபேசி நிறுவனத்தின் ‘சிஸ்டம் ஐந்து’ என்னும் கிளை மற்றொரு விதம். பொறி விற்கும் நிறுவனங்களின் கிளைகள் வேறு வேறு விதம். ஒரு பொறியில் இருந்த கட்டளை மற்றொன்றில் இல்லை. இருந்தாலும் அதன் போக்கு வேறு. ஓரிடத்தில் எழுதிய நிரலும் அதன் மேக்ஃபைலும், இலங்கைத் தண்டவாளத்திற் கொண்டுபோய் வைத்த இந்தியப் பெட்டிபோல, பிறிதோரிடத்தில் அசையாது நின்றன.

இதற்கு இருவகைத் தீர்வுகள் முயலப்பட்டன. ஒன்று, பொதுத்தரம் வகுத்தல். 1988 இல் ‘பொசிக்ஸ்’ என்னும் தரத்தின் முதற்பகுதி வெளிவந்தது. 1992 இல் வெளிவந்த பகுதி, மேக் என்னும் கருவி எல்லா இடங்களிலும் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதையும் வரையறுத்தது. மற்றொன்று, வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, அதைக் கண்டறிந்து நடத்தல். 1991 ஆம் ஆண்டுக் கோடையில் டேவிட் மெக்கென்சி என்பவர் குனு திட்டத்தின் நிரல்களுக்காக ‘ஓட்டோகொன்ஃப்’ என்னும் கருவியை ஆக்கினார். அஃது ஒவ்வொரு நிரலோடும் செல்லத்தக்க ‘கொன்ஃபிகர்’ என்னும் சோதனைக் கட்டளைத் தொடரை உண்டாக்கியது.

இச்சோதனையின் நெறி மன்னார்க் கடலோடிகளுக்குப் புதியதன்று. திட்டுகளுக்கிடையே தோணி செலுத்துபவன் இடத்தின் பெயரை மட்டும் நம்பிச் செல்வதில்லை. பருவக்காற்றும் நீரோட்டமும் மணலை இடம்பெயர்க்கும். சென்ற ஆண்டு ஆழமாயிருந்த வழி இவ்வாண்டு மேடாகலாம். எனவே கோலை ஊன்றி ஆழம் பார்த்தே செல்லுதல் வேண்டும். கொன்ஃபிகரும் அவ்வாறே செய்கின்றது. “இஃது எந்த நிறுவனத்தின் பொறி?” என்று பெயர் கேட்டு அமைவதில்லை. “இங்கே இக்கட்டளை உண்டா? இச்சிறு நிரல் பொறிமொழிக்கு மாறுகின்றதா? இயங்குகின்றதா?” என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கின்றது. கண்டறிந்த விடைகளுக்கேற்ப அவ்விடத்துக்கு உரிய மேக்ஃபைலை எழுதித் தருகின்றது. நேற்றுத் தோன்றிய பொறியிலும் இம்முறை பயன்படுவதற்குக் காரணம் இதுவே. பெயர்ப்பட்டியல் பழையதாகிவிடும், ஊன்றிப் பார்க்கும் கோல் பழையதாகாது.

இத்துணைக் கருவிகள் வந்த பின்னரும் வழு நின்றபாடில்லை. வழு நிகழும் இடங்கள் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. தரத்தின்படி, மேக்ஃபைலில் ஒவ்வொரு கட்டளை வரியும் தனித்தனியே நிறைவேற்றப்படும். முதல் வரியில் வேறு கோப்பகத்துக்குச் சென்றால், அடுத்த வரி அதனை அறியாது, பழைய இடத்திலேயே தொடங்கும். குனு மேக் என்னும் வகைக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்துகளைக் கையாண்டால், பெர்க்லி வழிவந்த பொறிகளில் அவை செல்லா. ஒரு மேக்ஃபைல் மற்றொன்றை இயக்கும்போது கருவியின் பெயரை நேரே எழுதாமல், அதற்கென அமைந்த மாறியால் அழைத்தலே பொதுவிதி; ஏனெனில் ஒரே கருவி வேறிடத்தில் வேறு பெயருடன் இருக்கலாம். வலையமைப்பால் இணைந்த இரு பொறிகளின் கடிகாரங்கள் சில வினாடிகள் முரண்பட்டாலும், புதியது எது, பழையது எது என்பதில் மேக் தடுமாறும். இருகரைக் கடிகாரங்களும் ஒத்திராவிடில் வண்டியும் கப்பலும் சந்திப்பது எவ்வாறு?

வழுவை ஆராயும் முறையும் ஒன்று உண்டு. திரையில் இறுதியாகத் தோன்றும் செய்தி பெரும்பாலும் நோயன்று, நோயின் விளைவு. “தொகுப்பியால் நிரலை ஆக்க இயலவில்லை” என்று கொன்ஃபிகர் கூறி நின்றால், தொகுப்பியே கெட்டுவிட்டது என்று முடிவு செய்தல் அவசரமாகும். ஒவ்வொரு சோதனையிலும் எதைக் கேட்டது, பொறி என்ன விடை தந்தது என்பதை அது ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதிவைக்கின்றது. அதனைத் திறந்து, முதலிற் பிழைத்த இடத்தைக் கண்டால், இல்லாத ஒரு நூலகக் கோப்போ தவறாக எழுதிய ஒரு விருப்பச் சொல்லோ காரணமாயிருத்தல் விளங்கும். தலைமன்னாருக்குச் சரக்கு வந்துசேராவிடில், தலைமன்னாரில் மட்டும் தேடிப் பயனில்லை. மண்டபத்திலிருந்து ஒவ்வொரு பதிவேடாகப் பார்த்துவரல் வேண்டும்.

மாற்றுத்துறையின் ஆபத்து வழுவோடு முடிவதில்லை. எல்லாப் பொருளும் கடந்து செல்லும் இடமாதலால், தீயோன் ஒருவன் தன் பொருளை நுழைக்க விரும்பும் இடமும் அதுவே. 2024 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி ஆன்ட்ரெஸ் ஃப்ரொயண்ட் என்னும் நிரலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினியிற் பாதுகாப்பாக நுழைவதற்குரிய சேவை, வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி தாமதிப்பதைக் கண்டு, அவர் காரணம் தேடிச் சென்றார். ‘எக்ஸ்இசட்’ என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், அந்நுழைவாயிலையே திறந்துவிடத்தக்க கள்ளவழி ஒன்று மறைந்திருந்தது.

அது மறைந்திருந்த முறையே இங்கு நோக்கத்தக்கது. எல்லாரும் பார்க்கத்தக்க மூலநிரற் களஞ்சியத்தில் அதனை இயக்கும் வரிகள் இல்லை. சோதனைக்குரிய கோப்புகள் எனக் காட்டப்பட்டவற்றுள் நஞ்சு புதைக்கப்பட்டிருந்தது. அதனை எடுத்து இணைக்கும் வரிகளோ, விநியோகத்துக்கெனக் கட்டப்பட்ட பொதியில், கொன்ஃபிகரை ஆக்கப் பயன்படும் துணைக்கோப்பு ஒன்றில் மட்டுமே இருந்தன. அத்தகைய கோப்புகள் நீண்டவை, சலிப்பூட்டுபவை. அவற்றைப் படிப்பார் மிகச் சிலர். களஞ்சியத்திலிருந்து புறப்பட்ட பொருளும் துறையிற் கட்டிய பொதியும் ஒன்றே என்று எல்லாரும் நம்பியிருந்தனர். அக்கருவியை நெடுங்காலம் ஊதியமின்றிப் பேணிவந்தவர் ஒருவரே. அவருக்கு உதவுவார்போல வந்து, ஏறத்தாழ ஈராண்டு நம்பிக்கை பெற்ற ஒருவரின் பெயரில் இச்செயல் நடந்தது. பெருவழக்கிலுள்ள வெளியீடுகளிற் பரவுமுன் அது பிடிபட்டமை உலகின் நற்பேறு.

பொதுத்தரம் முழுமை எய்திவிட்டால் இத்துன்பங்கள் ஒழியாவோ எனக் கேட்கலாம். அதற்கு மன்னார் வரலாறே விடை தருகின்றது. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற வண்டியொன்று நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலில் மறைந்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடியது. 1980களில், உள்நாட்டுப் போர்க்காலத்தில், அதுவும் நின்றது. 1990 இல் தலைமன்னார்ப் புகைவண்டியும் நின்றது. போர் முடிந்தபின் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரை வண்டி ஓடியது.

இதற்கிடையே 2007 இல் எதிர்க்கரையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இராமேசுவரம் செல்லும் மீற்றர்ப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. அதன் இடைவெளி 1676 மில்லிமீற்றர். இலங்கைப் பாதையின் இடைவெளியும் அதுவே. 1914 முதல் இருகரைகளையும் பிரித்துவைத்த அளவு வேறுபாடு முற்றும் நீங்கியது. ஆயினும் 2015 இல் தலைமன்னாருக்கு வண்டி திரும்பியபோது கப்பல் திரும்பவில்லை. அளவு வேறாயிருந்த காலத்தில் கப்பலும் துறையும் அவற்றைக் காத்த மக்களும் இருந்தமையால் ஒற்றைச் சீட்டிற் பயணம் நிகழ்ந்தது. அளவு ஒன்றானபோது இடையிலிருந்த துறை இல்லை. ஆகவே பயணமும் இல்லை.

தரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது சுமையைக் குறைக்கும். ஆனால் இணைப்பை உண்டாக்குவது தரம் மட்டுமன்று. துறையிற் பொருள் மாறும்போது எண்ணிப் பார்ப்பவரும், குறிப்பேட்டை எழுதுபவரும் அதனைப் படிப்பவரும், அரை வினாடித் தாமதத்தையும் பொருட்படுத்திக் காரணம் தேடுபவரும் வேண்டும். அவர்களைத் தனியே விட்டுவிடாது தோள்கொடுக்கும் சமூகமும் வேண்டும். மாதோட்டத்தில் மூட்டை சுமந்தவர், தலைமன்னாரிற் கப்பலை எதிர்நோக்கி நின்றவர், இன்று யாரும் படிக்காத மேக்ஃபைலின் வரிகளைத் திருத்துபவர் ஆகிய அனைவரும் ஒரே தொழிலைச் செய்தவரே. அவர்கள் பணி நன்கு நடக்கும்வரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்ற நாளில்தான் இருகரைகளுக்கும் இடையே கடல் இருப்பது தெரிகின்றது.